சுருண்டு கிடந்த எறும்புத்தின்னி

எறும்புத்தின்னிகளுக்கு எல்லா ஆபத்துக்கும் ஒரே வைத்தியம்தான். சுருண்டுகொள்வது. சிறுத்தை வந்தால் சுருளும். இடி இடித்தால் சுருளும். பிடிக்காத சொந்தக்காரர் தூரத்தில் வருவது தெரிந்தால் அப்போதும் சுருளும். தலையை வயிற்றுக்குள் நுழைத்து, மேலே வாலைப் போர்த்திக்கொண்டு, பலாக்காய் மாதிரி கிடக்கும். வந்த சிறுத்தை முகர்ந்து பார்க்கும், உருட்டிப் பார்க்கும், அலுத்துப்போய்க் கிளம்பிவிடும். எறும்புத்தின்னியும் எழுந்து சாப்பிடப் போய்விடும்.

மலையடிவாரக் காட்டில் சுருளி என்று ஒரு இளம் எறும்புத்தின்னி இருந்தது. குட்டியும் இல்லை, பெரியதும் இல்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூடக் கோபம் வருகிற வயது. அதற்கு இருந்த ஒரே உறவு அதன் அக்கா சடைச்சி. இரண்டும் ஓடைக்கரையில் ஒரு வளைக்குள் இருந்தன.

மழைக்காலத்தில் அந்த வளையில் வெள்ளம் புகுந்துவிடும். அதனால் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் மேட்டுக்குப் போய்ப் புது வளை தோண்ட வேண்டும். முன்னால் நின்று சடைச்சி தோண்டும். பின்னால் நின்று சுருளி மண்ணைத் தள்ளும். "நான் ஒருநாள் முன்னால நிக்கேனே" என்று சுருளி கேட்டால், "உனக்கு நேராத் தோண்ட வராதுடா" என்று சடைச்சி சொல்லும். சண்டை வரும். ஆனாலும் வளை முடிந்துவிடும்.

அந்தக் கோடையில் சடைச்சிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் இறந்துபோனது.

சுருளிக்கு வயிற்றுக்குள் ஏதோ வலித்தது. அதற்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். மேட்டில் ஒரு வேங்கை மரத்தடிக்குப் போய்ச் சுருண்டுகொண்டது. வந்த ஆபத்து கால்மணி நேரத்தில் போய்விடும் என்று நினைத்தது. போகவில்லை. ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. எப்படிப் போகும்? இந்தச் சிறுத்தை வெளியே நிற்கவில்லையே. அதையும் உள்ளே வைத்தல்லவா அந்த அசடு இறுக்கி மூடிக்கொண்டது!

காட்டில் யாருக்கு என்ன நடந்தாலும் கூட்டம் போடுகிற குரங்கு ஒன்று இருந்தது. பெயர் மருதப்பன். அது உடனே கூட்டம் போட்டது.

"பிள்ளை மனசு நொந்து கெடக்கு. அதுக்கு முன்னால இனி யாரும் சடைச்சி பேரைச் சொல்லக் கூடாது. அக்காங்கிற வார்த்தையே இந்தக் காட்டுல கேக்கக் கூடாது" என்றது மருதப்பன்.

எல்லோரும் சரி என்றார்கள். அதன்பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல. மான்குட்டிகள் தங்கள் அக்காவை "அந்த நீளக் காலு" என்று கூப்பிட்டன. அந்த நீளக் காலு கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசவில்லை. மைனாக் குஞ்சுகள் "நம்ம வீட்டுல எனக்கு முன்னால பொரிச்சது" என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் மூச்சு வாங்கி நிறுத்தின. எல்லோரையும்விட அதிகம் மாட்டிக்கொண்டது அக்காக்குயில்தான். அந்தப் பறவைக்குத் தெரிந்த பாட்டே 'அக்கா, அக்கா' ஒன்றுதான். மருதப்பன் ஒரு அத்திப்பழத்தை எடுத்து அதன் அலகில் அடைத்துவிட்டது. பாவம், அது கண்ணை உருட்டிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தது.

அடுத்து ஆறுதல் சொல்லக் கரடி பேச்சிமுத்து வந்தது. நல்ல மனசு, ஆனால் கொஞ்சம் அவசரக்காரக் கரடி. சிரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதன் எண்ணம். ஒரு கோரைப்புல்லைப் பிடுங்கிக்கொண்டு சுருளிக்குக் கிச்சுகிச்சு மூட்டப் பார்த்தது. எங்கே மூட்டுவது? எங்கே தொட்டாலும் செதில். அரைமணி நேரம் முயற்சி செய்து, கடைசியில் அலுத்துப்போய்த் தன் அக்குளிலேயே புல்லை விட்டுக்கொண்டு தானே விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனது.

காட்டுப்பன்றிக் குட்டிகள் இன்னும் மோசம். ஆறுதல் சொல்லத்தான் வந்தன. வந்த இடத்தில் உருண்டையாக ஒன்று கிடக்கவும் காலும் மூக்கும் சும்மா இருக்குமா? உருட்டி விளையாட ஆரம்பித்துவிட்டன. அம்மா பன்றி வந்து நான்கு போடு போட்ட பிறகுதான் சுருளியைத் திரும்ப மரத்தடியில் வைத்துவிட்டு ஓடின.

எறும்புகளுக்கோ குளிர்விட்டுப் போய்விட்டது. முதலில் பத்தடி தள்ளி நடந்தன. பிறகு இரண்டடி தள்ளி நடந்தன. ஆறாம் நாள் ஒரு எறும்புக் கல்யாண ஊர்வலம் மேளதாளத்தோடு சுருளியின் முதுகு மேலேயே ஏறி இறங்கிப் போனது. எறும்புத்தின்னியின் முதுகில்! இதைவிட அவமானம் ஒரு எறும்புத்தின்னிக்கு உண்டா? சுருளி அசையவில்லை.

இன்னும் நான்கு நாளில் மழை என்று தவளைகள் சொல்லிவிட்டன. சுருளிக்கும் அது கேட்டது. வளை தோண்ட வேண்டும். தோண்டாவிட்டால் பழைய வளையில் வெள்ளத்தோடு போக வேண்டியதுதான். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் நின்று மண் தள்ளுவதுதானே! முன்னால் தோண்டுவது யார்? அதை நினைத்ததும் நெஞ்சு தடதடவென்று அடித்தது. நெஞ்சு அடிக்க அடிக்கப் பயம் கூடியது. பயம் கூடக் கூட அது இன்னும் இறுகச் சுருண்டது. கடைசியில் அதன் வால் அதன் வாய்க்குள்ளேயே போய்விட்டது.

அப்போது ஊசிமணி வந்தது. ஊசிமணி ஒரு முள்ளம்பன்றி. சுருளியின் வயதுதான். அது ஆறுதல் சொல்ல வரவில்லை. கோபத்தோடு வந்தது. சுருளியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தது.

"சுருளி, எனக்கு இந்தக் காடே பிடிக்கல. எனக்கும் சடைச்சி அக்காவை நெனச்சா அழுகையா வருது. பேரைக்கூடச் சொல்லக் கூடாதாம். நான் சொல்லுவேன். சடைச்சி அக்கா, சடைச்சி அக்கா, சடைச்சி அக்கா" என்றது.

மேலே கிளையிலிருந்த மருதப்பன் பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டது. ஊசிமணி கண்டுகொள்ளவில்லை. தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. ஒருமுறை சிறுத்தை வந்தபோது சடைச்சி சுருண்டுகொண்டதாம். சுருண்ட சுகத்தில் அப்படியே தூங்கிவிட்டதாம். தூக்கத்தில் அது விட்ட குறட்டையைக் கேட்டுச் சிறுத்தை மிரண்டு ஓடிவிட்டதாம். சடைச்சிக்கு எதுவுமே தெரியாது. மறுநாள் காடு முழுக்கத் தான் சிறுத்தையோடு சண்டை போட்டதாகக் கதை விட்டதாம்.

"நான் புதருக்குள்ள இருந்து பாத்தேன். என்னா குறட்டை தெரியுமா? மரத்துல இருந்து நாவப்பழம் உதுருது" என்றது ஊசிமணி.

உருண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயில் வால் இருந்ததால் சரியாகப் புரியவில்லை. சுருளி வாலைத் துப்பிவிட்டு மறுபடி சொன்னது.

"அது குறட்டை இல்ல. மூக்கடைப்பு."

ஆறு நாளுக்குப் பிறகு சுருளி பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மூக்கடைப்பா?"

"குறட்டைன்னு சொன்னா அக்கா அடிக்க வரும். மூக்கடைப்புன்னுதான் சொல்லணும்."

ஊசிமணிக்குச் சிரிப்பு வந்தது. உருண்டைக்குள்ளும் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு குலுங்கும். வயிறு குலுங்கினால் எந்த எறும்புத்தின்னியாலும் சுருண்டிருக்க முடியாது. சுருளி மெல்ல விரிந்து மல்லாந்து விழுந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழ ஆரம்பித்தது. அப்படி ஒரு அழுகை! நீளமான நாக்கு ஒரு பக்கம் தொங்க, மூக்கு ஒரு பக்கம் ஒழுக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது.

பேச்சிமுத்து ஓடிவந்தது. "ஐயோ, நல்லாயிருந்த பிள்ளையை அழ வெச்சுட்டியே! டேய் சுருளி, சுருண்டுக்கோடா, சுருண்டுக்கோ" என்று சுருளியை மறுபடி மடித்து வைக்கப் பார்த்தது.

"விடுங்க மாமா. அழுது முடிச்சாத்தான் அதுக்குப் பசிக்கும்" என்றது ஊசிமணி.

அப்படியே ஆயிற்று. மதியம் வரை அழுதது, பிறகு பசித்தது. கல்யாண எறும்புகள் மறுவீட்டு ஊர்வலம் கிளம்பி அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தன. பாட்டுச் சத்தம் பாதியில் நின்றது. மாப்பிள்ளை எறும்பு தப்பித்துவிட்டதாகக் கேள்வி. மற்றதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் ஊசிமணி கேட்டது, "எங்க தோண்டுறது?"

"எனக்கு முன்னால நிக்கத் தெரியாது. நேரா வராதுன்னு அக்கா சொல்லும்."

"கோணலாத் தோண்டு. வெள்ளத்துக்குக் கோணல் தெரியுமா என்ன?"

சுருளி ஒரு பிடி மண் தோண்டியது. அவ்வளவுதான், நெஞ்சு மறுபடி தடதடவென்று அடித்தது. பின்னால் திரும்பி ஊசிமணியைப் பார்த்தது. "எனக்குச் சுருளணும் போல இருக்கு" என்றது.

"சுருண்டுக்கோ. நான் இங்கதான் இருப்பேன். போதும்னு தோணுனா எந்திரி."

சுருளி சுருண்டது. உள்ளே இருந்துகொண்டு பேசியது. பயமாக இருக்கிறது என்றது. வெள்ளம் வந்துவிடும் என்றது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்த முதல் நாள் தான் சண்டை போட்டதைச் சொல்லி அழுதது. ஊசிமணி "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லச் சொல்ல நெஞ்சின் தடதடப்பு குறைந்தது. கால்மணி நேரத்தில் எழுந்து இன்னொரு பிடி மண் தோண்டியது.

அன்றைக்கு மூன்று முறை சுருண்டது. மறுநாள் இரண்டு முறை. அதற்கு அடுத்த நாள் காலையில் ஒரு முறை. முன்னால் சுருளி தோண்டியது, பின்னால் ஊசிமணி மண் தள்ளியது. தள்ளிய மண்ணில் பாதி ஊசிமணியின் முள்ளுகளிலேயே செருகிக்கொண்டதால் அது நடமாடும் கரையான் புற்று மாதிரி ஆகிவிட்டது. பேச்சிமுத்து புற்று என்று நம்பி ஒருமுறை அதன் முதுகில் வாயை வைத்துவிட்டு, இரண்டு நாள் உதடு வீங்கித் திரிந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் மழை கொட்டியது. ஓடை பொங்கிப் பழைய வளையை மூடிக்கொண்டு ஓடியது. மேட்டு வளை முடிந்திருந்தது. ஆனால் அப்படி ஒரு கோணலான வளையை அந்தக் காடு பார்த்ததில்லை. வலப்பக்கம் திரும்பி, இடப்பக்கம் திரும்பி, ஒரு இடத்தில் காரணமே இல்லாமல் மேலே ஏறி இறங்கியது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சுருளியும் ஊசிமணியும் வாசலில் உட்கார்ந்து வெள்ளத்தைப் பார்த்தன. சுருளிக்கு வயிற்றுக்குள் மறுபடி வலித்தது.

"இன்னும் வலிக்குது ஊசிமணி."

"நெறையவா?"

சுருளி யோசித்துப் பார்த்தது. "நெறையத்தான். ஆனா வளையும் தோண்டிட்டேனே" என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசிமணியின் முதுகிலிருந்த மண்ணை ஒவ்வொரு கட்டியாக எடுத்துவிட ஆரம்பித்தது.

துக்கமும் பயமும் வரும்போது சிறிது நேரம் சுருண்டு கிடப்பதில் தவறில்லை, ஆனால் அவற்றை உள்ளேயே பூட்டி வைக்காமல் நம்புகிறவரிடம் சொல்லி அழுதுவிட்டு, அன்றைக்கு முடிந்த ஒரு பிடி மண்ணையாவது தோண்டுகிறவரே மீண்டு வருவார்.