வீட்டுக்காரரைத் தேடிய பேய்கள்

புளிச்சாங்குளத்து ஆட்கள் மகா புத்திசாலிகள். நான் சொல்லவில்லை, அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு ஐப்பசியில் பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். ‘வெளிநாட்டில் ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை. அன்றைக்கு ஆவிகள் ஊருக்குள் வரும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். பேய் வேஷம் போட்டுக்கொண்டால், நம்ம ஆள்தான் என்று பேய் விட்டுவிடுமாம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வையுங்கள். சாயங்காலம் பிள்ளைகள் பேய் வேஷத்தில் வருவார்கள், பலகாரம் கொடுங்கள்.’

சடையனின் மகள் பூவரசி, பலகாரம் வாங்கத் தலையணை உறையையே உருவி வைத்துக்கொண்டாள்.

சடையன் பூசணியைக் குடைந்து உள்ளே கற்பூரம் ஏற்றினான். ஏற்றினால் கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு மூன்று சுற்று சுற்றி, முச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டான்.

“அப்பா, வாசல்ல வைக்கணும்ப்பா!”

“எரியுற பூசணியை எவனாவது வாசல்ல வைப்பானா? திருஷ்டி திரும்பி வந்துரும் கழுத!”

ஊரே பார்த்தது, ஊரே உடைத்தது. அதில் வழுக்கி விழுந்த மாடசாமி, “பண்டிகை களைகட்டிருச்சுப்பா” என்றார்.

பிறகு ஆலோசனை.

“பிள்ளைகளைப் பேய் தொடாது. நம்ம கதி?”

“நாமளும் வேஷம் போட்டுக்குவோம்.”

“அப்ப பொம்பளைங்களைப் பேய் தூக்கிட்டுப் போகட்டுமா? நாளைக்கு யாரு சோறாக்குவா?” என்றாள் சடையன் மனைவி வேலம்மா. நியாயம்தானே!

பொழுது சாய, ஊரே கரி பூசி, வேட்டியைத் தலையோடு போர்த்தி, பேய்க்கு வீட்டுக்குள் என்ன வேலை என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது.

பிள்ளைகள் தட்டாத கதவில்லை. ஒரு வீட்டிலும் ஆளில்லை. காலி உறையோடு பூவரசி தன் வீட்டு வாசலிலேயே நின்று அழுதாள். இரண்டு பெரிய பேய்கள் ஓடி வந்தன.

“யோவ் சடையா!” என்று கதவைக் குத்தியது ஆண் பேய். “பச்சப்புள்ள நிக்குது, வெளிய வாய்யா!”

“அந்தாளு கத்தினா வர மாட்டான். நல்லா உதைங்க,” என்றது பெண் பேய்.

“அப்பா, நீதான் சடையன்! சாவி உன் மடியில இருக்கு!”

சடையன் தொட்டுப் பார்த்தான். இருந்தது.

“இருந்தா? நான் இப்பப் பேயி. ஆளில்லாத வீட்டைத் திறந்துட்டு நாளைக்கு அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உட்காரு, வந்துருவான்.”

மூவரும் உட்கார்ந்தார்கள். வெகுநேரமாகியும் சடையன் வரவில்லை.

“பொறுப்பில்லாத பய,” என்று திட்டிக்கொண்டே முதலில் எழுந்து போனது சடையன்தான்.