ஆளுக்கொரு டிகிரி

நாமக்கல் பக்கம் செங்கோடன் என்பவர் கோழிக்குஞ்சு பொரிப்பகம் வைத்திருந்தார். அங்கே முட்டைகளை அடைகாத்தது பூங்கொடி என்ற பெண் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம். இன்குபேட்டரில் எத்தனை டிகிரி சூடு வேண்டும் என்ற எண்ணை அது தன் மெமரியில் வைத்திருக்கும். வெளியே குளிர் கூடினால் தானே அந்த எண்ணில் ஒரு டிகிரி ஏற்றிக்கொள்ளும். அப்போது வேறு யாராவது எண்ணை மாற்ற வந்தால், 'பொறுங்கள்' என்று திரையில் காட்டித் தடுத்துவிடும். உள்ளே சூடு அந்த எண்ணைத் தாண்டினால் மணி அடிக்கும்.

ஓர் ஐப்பசி மழையில் ஊரே வெடவெடத்தது. "ஒரு டிகிரி ஏத்தி வையப்பா" என்று அக்கா மகன் நவநீதனிடம் சொன்னார் செங்கோடன். கம்ப்யூட்டரில் பெரிய கில்லாடி என்று வீட்டில் பெயரெடுத்த பிள்ளை அவன். எதையும் திறக்கிற பாஸ்வேர்டையும் அவனிடம் கொடுத்து வைத்திருந்தார். அவனும் ஏற்றினான். மறுநாள் காலையில் பார்த்தால் சூடு இரண்டு டிகிரி கூடியிருந்தது. ஓட்டுக்குள்ளேயே குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

பூங்கொடியை வரவழைத்து, வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்தார் செங்கோடன்.

"ஏம்மா, உன்ற புரோகிராம் மணியாவது அடிச்சிருக்க வேண்டாமா? இனி இந்த ஜில்லாவுல எந்தப் பண்ணையிலயும் உன்னைய உள்ள விடமாட்டாங்க, பாத்துக்க."

"நான் ஒரே ஒரு டிகிரிதானுங் மாமா ஏத்துனேன்" என்றான் நவநீதன். "பொறுங்கள்னு மொரண்டு புடிச்சுட்டு நின்னுச்சு. வேறொரு புரோகிராமைப் போட்டு, நேரா இதோட மெமரிக்குள்ள போய் எண்ணை மாத்திட்டேன்."

அதைப் பெருமையாக வேறு சொன்னான். பூங்கொடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செத்தது குஞ்சுகள், போவது அவள் பேர், அவனோ சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கிறான்!

"என்ற புரோகிராமும் ஒரு டிகிரிதானுங்க ஏத்தும்" என்றாள்.

செங்கோடன் கேட்டது ஒரு டிகிரி. நவநீதன் ஏற்றியது ஒரு டிகிரி. புரோகிராம் ஏற்றியதும் ஒரு டிகிரி. அந்தக் குளிருக்கு அது தேவையும்கூட. அப்படியானால் குஞ்சுகளைக் கொன்றது யார்? மணி ஏன் வாயடைத்து நின்றது?

விடை: கொன்றது நவநீதன். 'பொறுங்கள்' என்று சொன்ன நேரத்தில் புரோகிராம் அதே ஒரு டிகிரியைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருக்கிறதே என்று யோசிக்காமல் அவன் கூரையைப் பிரித்து இறங்கினான். ஓடுகிற புரோகிராமின் மெமரியில் வெளியிலிருந்து கைவைக்கிறவனுக்கு, உள்ளே எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரே வேலை இரண்டு தரம் நடந்தது. மணி நம்பியிருந்ததும் அந்த எண்ணைத்தான். எண்ணே கூடிப்போன பிறகு அது எதைப் பார்த்து அடிக்கும்? பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்த செங்கோடனுக்கும் இந்தப் பாவத்தில் பங்குண்டு. விஷயம் புரிந்ததும் அவர், திரும்ப வந்து வேலையைப் பார்க்கச் சொல்லிப் பூங்கொடிக்கு ஆள் அனுப்பினார். "எல்லார் முன்னாலயும்தானே திட்டுனீங்க? தப்பு யாருதுன்னு அவங்க முன்னாலயே சொல்லுங்க, வர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள். அவர் சொல்லும்வரை அந்த இன்குபேட்டர் காலியாகவே கிடந்தது.