ஆறிய அச்சாணி

செம்மலைக்கோட்டை மன்னர் அதிரூபர் நகர்வலம் போனார். ஒரு திருப்பத்தில் தேர்ச் சக்கரம் தனியாக நேரே போயிற்று. மன்னர் அல்லிக் குளத்துக்குள் போனார். அச்சாணி முறிந்திருந்தது.

"இரும்பா இது? புட்டு மாதிரி உதிர்கிறதே! செய்தவன் கையை நாளை சாயங்காலம் வெட்டுங்கள்!"

செய்தவர் உலகாண்டி ஆசாரி. அவர் அரசவையின் வாய்த்துடுக்குக்காரர் கூத்தபிரானிடம் ஓடினார்.

"சாமி, இரும்புத் தூளை அச்சுக்குழியில் அழுத்தி, உலையில் வைத்து, செக்கச்செவேலென்று இருக்கும்போதே ஓங்கி அடிக்கணும். அப்போதான் துகளுக்கு நடுவே இருக்கிற சந்து மூடும். உலை பதத்துக்கு வருவது உச்சிப்பொழுதில். அது மகாராஜா தூங்குகிற நேரம். யாரும் சத்தம் போடக் கூடாதென்று போன மாதம் ஆணை. அவர் எழுந்த பிறகு அடித்தேன். ஆறிப்போச்சு."

"இதை அவையில் சொல்வதுதானே?"

"நீங்கள் தூங்கியதால்தான் விழுந்தீர்கள் என்றா? கையோடு தலையும் போகும்!"

கூத்தபிரான் நேரே மடைப்பள்ளிக்குப் போனார்.

மறுநாள் மன்னர் மதியம் தூங்கி எழுந்து அவைக்கு வந்தார். வழக்கம்போல் பொருவிளங்காய் உருண்டை வந்தது. கல் போன்ற அந்த உருண்டையை எல்லோரும் பார்க்கப் பல்லால் உடைப்பதில் அவருக்கு அலாதிப் பெருமை. இன்று வாயருகே கொண்டுபோகும்போதே பொலபொலவென்று உதிர்ந்தது. தாடியெல்லாம் மாவு.

"மாவை மாற்றிவிட்டார்களா?"

"அதே மாவு, அதே வெல்லப்பாகு, அதே சமையற்காரர், அரசே," என்றார் கூத்தபிரான். "பாகு கொதிக்கக் கொதிக்கப் பிடிக்க வேண்டுமாம். பிடிக்கிறவர் சூடு தாங்காமல் 'ஐயோ, அம்மா' என்பாராம். தங்கள் தூக்கத்தில் சத்தம் கூடாதே? தாங்கள் எழும்வரை காத்திருந்து பிடித்தார்."

"ஆறின பிறகு பிடித்தால் மாவு எப்படியய்யா ஒட்டும்? அவன் என்ன செய்வான், பாவம்!"

"அவர் கையையும் வெட்டிவிடலாமா? கத்தி எப்படியும் தயாராகத்தான் இருக்கிறது."

"கையை*யும்* என்றால்?"

கூத்தபிரான் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். மன்னர் மடியில் கிடந்த மாவைப் பார்த்தார். வாசலில் கைகட்டி நின்ற ஆசாரியைப் பார்த்தார். பிறகு தாடி மாவு பறக்கச் சிரித்தார்.

"ஆசாரியாரே, நாளை முதல் உச்சிப்பொழுதிலேயே அடியும்! கூத்தபிரானே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

கூத்தபிரான் மடியிலிருந்து இரண்டு பஞ்சு உருண்டைகளை எடுத்துப் பணிவாக நீட்டினார்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம், அரசே. இது தங்கள் காதுக்கு."