பார்க்கக் கூடாத கண்

அருகில் வந்து உட்காருங்கள். சிறியவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். மன்னர்கள் மண்கோட்டையில் இருந்து ஆண்ட காலத்துக் கதை இது.

செம்மண் நாடு என்று ஒரு நாடு. அங்கே மழை குறைவு, காற்று அதிகம். காற்று வீசினால் புழுதி, காற்று நின்றால் ஈ. அதனால் கண்நோய் இல்லாத வீடே அந்த நாட்டில் இல்லை.

அந்த நாட்டை எயிற்கோன் என்பவன் ஆண்டான். அவன் ஒரு சட்டம் போட்டிருந்தான். அவன் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பார்த்தவன் கண்ணைக் காய்ச்சிய ஊசியால் போக்கிவிடுவார்கள். அதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். ஊசிக்காரன் என்று பெயர். மன்னன் யானைமேல் போனால், அவன் நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவான்.

கொற்றன் என்ற உழவன் ஒருநாள் பார்த்துவிட்டான். யானை திடீரென்று பிளிறியது, அவன் தலை தானாக நிமிர்ந்தது. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அந்தக் கொற்றனுக்கு ஒரு தம்பி, பெயர் சேந்தன். ஊருக்கெல்லாம் கண்களிம்பு செய்து தருகிறவன். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பார்கள். அதே அகன்ற நெற்றி, அதே ஒட்டிய கன்னம், அதே பிளந்த மோவாய். கண் மட்டும் இப்போது ஒருவனுக்குத்தான். சேந்தன் வீட்டில் கிண்ணம் கிண்ணமாகக் களிம்பு இருந்தது. இல்லாத கண்ணுக்கு எதை எடுத்துப் போடுவது?

காலம் போனது. மன்னனுக்கே கண்நோய் வந்தது.

முதல் மருத்துவன் வந்தான். மன்னன் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, "கண் சிவந்திருக்கிறது" என்றான். மருத்துவன் குனிந்த தலை நிமிராமல், கையை மட்டும் திரைக்குள் நீட்டி, நந்தியாவட்டைப் பூ சேர்த்த களிம்பை இட்டான். சூட்டுச் சிவப்புக்கு அது நல்ல மருந்து. மன்னனின் நோய் அதற்குக் கேட்கவில்லை. ஊசிக்காரன் சட்டியை ஊதினான்.

இரண்டாம் மருத்துவன் வந்தான். "மணல் கொட்டியது போல உறுத்துகிறது" என்றான் மன்னன். அவனும் தலை நிமிரவில்லை. நீரில் பலமுறை கழுவிய நெய்யை இட்டான். வறண்ட கண்ணுக்கு அது நல்ல மருந்து. கேட்கவில்லை. ஊசிக்காரன் சட்டியை ஊதினான்.

மூன்றாம் மருத்துவன் வந்தான். "பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது" என்றான் மன்னன். துத்தம் என்ற தாதுப் பொடியைக் குழைத்த களிம்பு உள்ளே போனது. பீளைக்கு அது நல்ல மருந்து. அதுவும் கேட்கவில்லை. ஊசிக்காரன் சட்டியை ஊதினான்.

மூன்று களிம்பும் நல்ல களிம்புதான். மூன்று பேரும் கற்றவர்கள்தான். ஆனால் மூன்று பேரில் ஒருவன்கூட அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தால் கண் போகும் என்று பயந்தார்கள். பார்க்காமலே கண் போயிற்று.

நான்காவதாக ஆள் வந்தது சேந்தன் வீட்டுக்கு.

சேந்தன் புறப்படத் தயாரானான். களிம்புக் கிண்ணங்களை மூட்டை கட்டும்போது ஒன்று கைதவறி உடைந்தது.

சுவர் ஓரம் இருந்த கொற்றன் சிரித்தான். "இப்போதே கை நடுங்குகிறதா, தம்பி? முள்வாங்கியை எடுத்துக்கொண்டாயா?"

"அது எதற்கு அண்ணா?"

"காலில் முள் எடுக்கத்தான், வேறு எதற்கு? அட, அவன் கண்ணும் உன் கையும் ஒரே இடத்தில் இருக்கப் போகின்றன. கூர்மையாக ஏதாவது ஒன்று வேண்டாமா?"

சேந்தன் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். முள்வாங்கி அவன் இடுப்பில் இருந்தது. தொழில் செய்கிறவன் அதில்லாமல் வெளியே போவதில்லை. வழியெல்லாம் அது இடுப்பில் குத்திக்கொண்டே வந்தது. மன்னனை நினைத்து ஒரு பயம் என்றால், தன் கையை நினைத்து இன்னொரு பயம்.

கோட்டை மண்டபத்தின் மூலையில் நெருப்புச் சட்டி இருந்தது. ஊசிகள் சிவந்து கிடந்தன. ஊசிக்காரன் சேந்தனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் முடி. கரி வீணாகிறது" என்றான்.

திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "களிம்பை இடு."

வேர்வை சேந்தனின் மூக்கு நுனியில் இருந்து சொட்டியது. நான்காவது களிம்பையும் இருட்டில் இட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும்.

"அரசே, முதலில் பார்க்க வேண்டும்" என்றான்.

"என்னைப் பார்த்தவன் அதற்குப் பிறகு எதையும் பார்த்ததில்லை."

"பார்க்காமல் போட்டவர்களும் அதற்குப் பிறகு எதையும் பார்க்கவில்லையே, அரசே."

பிறகு திரை விலகியது. நோவு அந்த அளவுக்கு இருந்தது.

சேந்தன் மன்னனின் மூடிய வலது இமையைப் புரட்டிப் பார்த்தான். இமையின் ஓரம் உள்பக்கமாக மடிந்திருந்தது. வெளியே வளர வேண்டிய மயிர்கள் உள்ளே திரும்பி, இமைக்கும் ஒவ்வொரு முறையும் கருவிழியைக் கீறிக்கொண்டிருந்தன. இடது இமையும் அப்படியே இருந்தது. புழுதி நாட்டில் பழைய கண்நோய் இப்படித்தான் முற்றும். சிவப்பும் உறுத்தலும் பீளையும் அந்தக் கீறலில் இருந்து வந்தவை.

"களிம்பு மட்டும் போதாது, அரசே. மயிரைப் பிடுங்க வேண்டும்" என்று முள்வாங்கியை எடுத்தான்.

"இரும்பு!" என்று அலறினான் எயிற்கோன். கட்டிலின் மூலைக்கு ஒடுங்கிப் போனான். எத்தனையோ பேர் கண்ணருகே இரும்பை அனுப்பியவன், ஒரு சின்ன முள்வாங்கியைக் கண்டு நடுங்கினான்.

"இரும்பு வராவிட்டால் கண் போகும்" என்றான் சேந்தன். "இன்னொன்றும் சொல்கிறேன். பிடுங்கினாலும் மயிர் மறுபடி முளைக்கும். முளைத்தால் மறுபடி பிடுங்கத் தெரிந்த கை வேண்டும். இந்த நாட்டில் மிச்சம் இருப்பது என் கைதான்."

மன்னன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தான். ஊசிக்காரன் சிவந்த ஊசியைச் சேந்தனின் கன்னத்தருகே நீட்டிக்கொண்டு நின்றான். சூடு தோலைத் தொட்டது.

முள்வாங்கியின் முனைக்குக் கீழே அண்ணனின் கண்ணைக் கெடுத்தவனின் கண் திறந்து கிடந்தது. ஒரே ஓர் அழுத்து போதும். சேந்தனின் கை நின்றது. அண்ணனின் அலறல் காதில் கேட்டது.

பிறகு கை தானாக வேலையைத் தொடங்கியது. ஒரு மயிர் வந்தது. அடுத்தது வந்தது. ஒன்றுவிடாமல் எல்லாம் வந்தன. பிறகு துத்தக் களிம்பை நூல் போல இமையோரம் இட்டான்.

மன்னன் வலக் கண்ணைத் திறந்தான். உறுத்தல் இல்லை. புகைபோல இருந்தது மெல்ல மெல்லத் தெளிந்தது. அந்தக் கண் முதலில் கண்டது எதை? அகன்ற நெற்றி. ஒட்டிய கன்னம். பிளந்த மோவாய்.

"உன்னை நான் பார்த்திருக்கிறேன்" என்றான் மன்னன். "யானைக்குக் கீழே. கத்திக்கொண்டிருந்தாய்."

"அது என் அண்ணன், அரசே. இடது கண்ணைக் காட்டுங்கள்."

"வேண்டாம்! இரும்பை அப்பால் எடு! இவனை வெளியே கொண்டு போ!"

"அரசே, இடது கண் போய்விடும்."

"வெளியே!"

ஊசிக்காரன் ஊசியோடு நெருங்கினான். "அவனைத் தொடாதே!" என்று மன்னன் கத்தினான். "அவன் கை எனக்கு வேண்டும்."

சேந்தன் உயிரோடும் கண்ணோடும் வீடு வந்து சேர்ந்தான்.

"குத்தினாயா?" என்று கேட்டான் கொற்றன்.

"இல்லை."

"மன்னித்துவிட்டாயோ?"

"மன்னிக்கவில்லை. நோவெடுத்த கண்ணில் என் கைக்கு அந்த ஒரு வேலைதான் தெரிந்தது."

கொற்றன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். நெடுநாள் தம்பியோடு பேசவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மயிர் மறுபடி முளைக்கும் காலம் வந்தது. வாசலில் குதிரைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சேந்தன் எழுந்து எட்டிப் பார்த்தான். முள்வாங்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். யாரும் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. கோட்டைக்குள் மன்னன் துத்தக் களிம்பை அள்ளி அள்ளி அப்பிக்கொண்டான். ஆள் அனுப்ப வாயெடுப்பான், அந்த முகம் நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொள்வான்.

முதலில் இடது கண் வெளுத்தது. பிறகு பார்வை வந்த வலது கண்ணும் வெளுத்தது. மன்னன் சுவரைத் தடவித் தடவி நடக்கிறான் என்று ஊரெல்லாம் பேச்சு.

அன்றைக்குத்தான் கொற்றன் வாய் திறந்தான்.

"தம்பி, நானும் குத்தவில்லை, நீயும் குத்தவில்லை. பின்னே யார்தான் குத்தியது?"

"அவனுடைய இமையே குத்தியது, அண்ணா."

கதை இத்தோடு சரி, எழுந்து போகிறவர்கள் இதை மட்டும் எடுத்துப் போங்கள்: பிறருக்குக் கொடுமை செய்தவன், தன்னைக் காக்க வரும் கையையும் நம்ப முடியாமல் அந்தப் பயத்தாலேயே அழிவான்.