தொபியாஸின் ஐந்து நகங்கள்

சூசை, தொபியாஸ், அமலதாஸ் மூன்று பேரும் பங்கு போட்டு ஒரு கிட்டார் வாங்கினார்கள். ஆளுக்கு இரண்டு கம்பி என்று பேச்சு.

தொபியாஸின் தங்கை ரோஸ்லினுக்குக் கல்யாணம் வந்தது. மாதா கோயிலில் தொபியாஸ்தான் வாசிக்கப் போகிறான் என்றதும், பாட்டு கற்றுக்கொடுத்த ஃபிளாரன்ஸ் டீச்சர் கிட்டாரைப் பார்த்து முகம் சுளித்தார்.

“வலது கை நகத்தை வளர்த்துக் கண்ணு மாதிரி பாத்துக்க. கம்பி துருப்பிடிச்சுக் கிடக்கு, எல்லாத்தையும் மாத்திடு.”

அன்றிலிருந்து தொபியாஸின் நகங்களுக்குக் காலையும் மாலையும் கண் சொட்டு மருந்து விழுந்தது. வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடியைக் கையில் கட்டிவிட்டார்கள்.

கம்பிகளையும் மாற்றினார்கள். மேலே இருந்ததைக் கீழே மாட்டினார்கள், கீழே இருந்ததை மேலே மாட்டினார்கள். அமலதாஸுக்கு மட்டும் மனக்குறை.

“என் கம்பி மாத்தின பிறகும் நடுவுலயே இருக்கேடா?”

“சுத்தி இருக்கிறவங்க மாறிட்டாங்கல்ல? அவங்களுக்கு நடுவுல இருக்கிறதே புது இடந்தான்” என்றான் சூசை.

கல்யாணத்தன்று காலையில் சோடா மூடியை நெம்பப் போய்த் தொபியாஸின் கட்டைவிரல் நகம் உடைந்தது. “கண்ணு போச்சே!” என்று அலறினான். சூசை டீச்சருக்குப் போன் போட்டான்.

“பசை தொட்டு ஒட்டச் சொன்னாங்க. காயற வரைக்கும் கையை அசைக்கக் கூடாதாம்.”

“கையை எங்க வைக்கணுமாம்?”

“அதைச் சொல்லலை.”

அமலதாஸ் யோசித்தான். “கம்பி மேலயே வை. வாசிக்கும்போது இடம் தேட வேண்டாம்.”

ஒரு விரலுக்கு மட்டும் பசை போட்டால் மற்ற விரல்கள் என்ன நினைக்கும் என்று ஐந்துக்கும் போட்டார்கள். நல்ல பசை. உடனே காய்ந்தது.

ரோஸ்லின் பீடம்வரை நடந்து வந்தும் பாட்டு வரவில்லை. “அண்ணே, வாசி!” என்று பல்லைக் கடித்தாள். பாசத்தில் தொபியாஸ் உடம்பையே உலுக்கினான். ‘டொய்ங்’ என்று ஒரே ஒரு சத்தம். பாட்டு முடிந்தது என்று நினைத்துச் சாமியார் “ஆமென்” சொல்லிவிட்டார்.

தாலி கட்டியானதும் ஆஸ்பத்திரிக்குப் போக மூவரும் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் கிட்டாரைப் பார்த்தார்.

“இதுக்கு லக்கேஜ் போடணும்.”

“எதுக்குண்ணே? இது அவன் கையிலதானே ஒட்டியிருக்கு” என்றான் அமலதாஸ்.

சூசை அவனைத் தடுத்தான். “நியாயமாப் பேசு. விரல் சிறுசு, கிட்டார் பெருசு. சிறுசுதானே பெருசுல ஒட்டும்? அப்போ லக்கேஜ் யாரு?”

தொபியாஸே ஒப்புக்கொண்டான்.

கிட்டாருக்கு ஜன்னலோரம் முழு டிக்கெட் வாங்கி உட்கார வைத்தார்கள். தொபியாஸை மடக்கி சீட்டுக்கு அடியில் தள்ளினார்கள். வலது கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெரியவர் கிட்டாரைப் பார்த்து, “தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றார்.