முப்பத்திரண்டாவது சுற்று

பங்கிராஸ் லேஸ் சால்வையின் சுற்றுகளை எண்ணினான். முப்பத்திரண்டு. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நடுவிலிருந்து விரல் வைத்து மறுபடியும் எண்ணினான். முப்பத்திரண்டுதான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது முப்பத்தொன்று இருந்தது. இப்போது மணி நாலு. இடையில் அவன் உறங்கினான். வேறு எதுவும் செய்யவில்லை.

முதல் நாள் இப்படி ஒரு சுற்று கூடியபோது எண்ணிக்கை தப்பிவிட்டது என்று நினைத்தான். இரண்டாம் நாள் அக்கா அலங்காரத்தின் மேல் சந்தேகம் வந்து, கேட்டும்விட்டான்.

"லேய், எனக்குக் கிழிஞ்ச பாவாடையைத் தைக்கவே தெரியாது, நான் லேஸ் போடுவனா? ஒனக்க பிள்ளைக்குத் துணி அலசவே எனக்கு நேரம் காணல" என்றாள் அக்கா.

இது மூன்றாம் நாள். சந்தேகப்பட வீட்டில் இனி ஆளில்லை. நாலு மாதப் பிள்ளைதான் தொட்டிலில் கிடந்தது. அது முழித்துக்கொண்டு, அழாமல், அவன் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

சால்வையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவன் லேஸ் கூடத்துக்கு நடந்தான்.

கோவிலுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கூடம். பதினாலு பெண்கள் உட்கார்ந்து நூலும் கொக்கி ஊசியுமாக லேஸ் போடுவார்கள். சொல்லிக்கொடுப்பவள் எமரன்சியா. பங்கிராசைவிட இரண்டு வயது இளையவள். ஆனால் கடற்கரை முழுக்க அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவனும்தான்.

பங்கிராசின் மனைவி ஆக்னஸ் ஆறு வருஷம் அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இடதுகைக்காரி. சோறு போடக் கூப்பிட்டாலும் சரி, பூசைக்குக் கூப்பிட்டாலும் சரி, "இரிங்க, இந்தச் சுத்து முடியட்டு" என்பாள். வயிற்றில் பிள்ளை வந்ததும் பிள்ளைக்கென்று ஒரு வட்டச் சால்வை தொடங்கினாள். நடுவில் ஒரு பூ, அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டை ஓட்டையாக வளரும் வெள்ளைச் சால்வை. வலி எடுத்த அன்றைக்கும் அதையேதான் சொன்னாள். இந்தச் சுத்து முடியட்டு. இருபத்திரண்டாம் சுற்று முடிந்தது. கொக்கியைக் கடைசிக் கண்ணியில் அப்படியே விட்டு, சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். திரும்பி வந்தது பிள்ளை மட்டும்.

அந்தச் சால்வையைப் போர்த்தித்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று பங்கிராஸ் சொல்லிவிட்டான். நாள் தள்ளாதே என்று பங்குச் சாமியார் இரண்டு தடவை சொல்லியனுப்பினார். அக்கா தினமும் திட்டினாள். அவன் அசையவில்லை.

மீன்வலை முடிகிறவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று நினைத்துத்தான் முதல் தடவை கூடத்துக்கு வந்தான்.

"பத்து நாள்ல முடிச்சிருவேன் டீச்சர்."

"எதை?"

"மிச்சத்தை."

டீச்சர் ஒரு ஊசியும் நூல்கண்டும் கொடுத்தாள். "முதல்ல நூறு சங்கிலிக் கண்ணி போடுங்க அண்ணே."

போட்டான். ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து இறுக்கி இறுக்கிப் போட்டான். அடுத்த வரிசைக்குத் திரும்பி வரும்போது ஊசி நுழைய இடமில்லை.

"இதுல மீனு ஒண்ணும் வந்து மோதாது. இளக்கிப் பிடிங்க" என்றாள் டீச்சர்.

பெண்கள் சிரித்தார்கள். அவன் பிரித்தான். மறுபடி போட்டான். ஒரு வாரம் நன்றாக வரும், மறுவாரம் நாசமாகப் போகும். ஒரு தடவை வட்டம் அலை அலையாகத் துள்ளிக்கொண்டு நின்றது. அடுத்த தடவை கிண்ணம் மாதிரி குவிந்தது. "பிள்ளைக்குத் தொப்பியா அண்ணே?" என்றாள் பக்கத்தில் இருந்த லில்லி. கண்டைத் தூக்கி எறிந்தான். அது பெஞ்சுக்கு அடியில் உருண்டு போயிற்று. அவனேதான் தவழ்ந்து போய் எடுத்து வரவேண்டியிருந்தது. இருபதாம் நாள் ஒரு சுற்று சமமாகப் படிந்தது. அன்று புதுப் படகு வாங்கியவன் மாதிரி வீட்டுக்கு நடந்தான். மறுநாள் பார்த்தால் தொடக்கத்திலேயே ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் பிரித்தான்.

ஒரு மாதம் கழித்துத்தான் ஆக்னசின் சால்வையில் கை வைக்கச் சொன்னாள் டீச்சர்.

"உங்க வீட்டுக்காரி இடதுகை. அவுங்க சுத்தின பக்கம் உங்க கை சுத்தாது."

"பின்ன?"

"சால்வையைத் திருப்பிப் போடுங்க. பின்பக்கமா இருந்து போங்க."

"அப்படின்னா நல்ல பக்கத்துல பார்த்தா, அவ போட்டது முகம் காட்டும், நான் போட்டது முதுகு காட்டுமே?"

"காட்டும்."

"வேற வழி கிடையாதா?"

"நீங்க அவுங்க இல்லியே அண்ணே."

அவன் தொடர்ந்தான். அவள் சுற்றும் அவன் சுற்றும் சேருகிற இடத்தில், யாரும் பார்க்காதபோது, வலைக்காரன் புத்தியில் ஒரு முடிச்சுப் போட்டுவைத்தான். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாள். விரல் அங்கே நின்றது.

"இது என்னது?"

"பலத்துக்கு."

"லேஸ்ல முடிச்சு கிடையாது."

"பின்ன எதுதான் கண்ணியைப் பிடிச்சுக்கிட்டிருக்கு?"

"அடுத்த கண்ணி."

"அப்போ கடைசிக் கண்ணியை?"

டீச்சர் முடிச்சின் மேல் விரலால் தட்டினாள். அவன் முடிச்சை அவிழ்த்தான். அவிழ்க்க அரை நாள் ஆயிற்று.

இப்படித்தான் ஏழு சுற்று போட்டான். இருபத்தொன்பது வரை வந்தான். அதற்குப் பிறகு வந்த மூன்றும் தானாக வந்தவை.

கூடத்தில் துண்டை அவிழ்த்துச் சால்வையை டீச்சரின் மடியில் விரித்தான். டீச்சரின் விரல் நடுப்பூவிலிருந்து வெளியே வந்தது.

"இருபத்திரண்டு அவுங்க. ஏழு நீங்க." விரல் இன்னும் கொஞ்சம் போய் நின்றது. "இது மூணும்?"

"உறங்கினேன் டீச்சர். எழும்பிப் பார்த்தா இருக்கு."

"இது முகம் காட்டுதே."

"ஆமா."

பதினாலு ஊசியும் நின்றுவிட்டன. லில்லி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கையைக் காட்டுங்க" என்றாள் டீச்சர்.

வலதுகைக்காரர்கள் ஊசியை வலது கையில் பிடிப்பார்கள். நூல் இடது ஆள்காட்டி விரலில் ஓடும். ஓடி ஓடி அங்கே ஒரு சிவப்புக் கோடு விழும். அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் இடது விரலில்தான் கோடு. ஆக்னசுக்கு மட்டும்தான் வலது விரலில் இருந்தது.

பங்கிராஸ் இரண்டு கையையும் நீட்டினான். இடது விரலில் கோடு இருந்தது. வலது விரலிலும் இருந்தது. அது புதுசு. இன்னும் காந்திக்கொண்டிருந்தது.

அவன் அந்த விரலையே பார்த்தான். வேறு யாருடைய விரலோ தன் கையில் ஒட்டியிருப்பது மாதிரி பார்த்தான்.

"அவளா டீச்சர்? நானா?"

டீச்சரின் பக்கத்தில் ஒரு மேசைவிரிப்பு பாதியில் கிடந்தது. இரண்டு வாரமாக அவள் போட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஊசியை உருவினாள். நூல் நுனியை அவன் கையில் கொடுத்தாள்.

"இழுங்க."

"டீச்சர், இது நீங்க..."

"இழுங்கன்னா இழுங்க."

இழுத்தான். இலை போயிற்று, பூ போயிற்று, கடைசியில் நடுவில் இருந்த சின்ன வளையமும் போயிற்று. ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவன் மடியில் நூல் குவியலாகக் கிடந்தது.

"இதுல எனக்க கை எங்க இருக்கு? காட்டுங்க."

அவன் நூலைத் தூக்கிப் பார்த்தான். அது நேராக இல்லை. ஒவ்வொரு கண்ணியும் வளைந்த வளைவு அப்படியே நூலில் நெளிநெளியாக நின்றது.

"நூலு மறக்கலியே டீச்சர்."

"கழுவினா மறந்திரும்."

ஆக்னஸ் கூடத்தில் வைத்திருந்த டிசைன் தாளை எடுத்துவரச் சொன்னாள் டீச்சர். அதில் ஆக்னசின் கையெழுத்தில் எழுதியிருந்தது. முப்பத்திரண்டு சுற்று, போதும்.

"முடிஞ்சிச்சு அண்ணே. இனி ஒரு வேலைதான். நூலை அறுங்க. அறுத்த நுனியைக் கடைசிக் கண்ணிக்குள்ள விட்டு இழுங்க. அவ்வளவுதான்."

"நீங்களே அறுத்திருங்க."

"நான் போட்டதை நான் அறுப்பேன்."

"அறுத்தா..." அவன் சால்வையின் ஓரத்தைத் தடவினான். "அறுத்தா அதுக்கப்புறம் மத்தியானத்துல ஒண்ணும் வராதுல்ல?"

டீச்சர் தன் சின்னக் கத்தரிக்கோலை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"ரெண்டு பேரு போட்டது. போத்தப்போறது மூணாவது ஆளு. கண்ணி திறந்து கிடந்தா உங்க ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கும். பிள்ளைக்க விரல் அதுல மாட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று அன்றே சாமியாரிடம் சொல்லியாயிற்று. டீச்சர்தான் ஞானத்தாய்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம் கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான். சோறு செரிப்பதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தான். கண் சொருகிற்று. எழுந்தபோது முப்பத்திமூன்று. கத்தரி கையில் இல்லை. வீடெல்லாம் தேடினான். ஆக்னசின் பிஸ்கட் டப்பாவுக்குள், அவள் எப்போதும் கத்தரி வைக்கிற இடத்தில், துணி சுற்றிக் கிடந்தது; டப்பாவும் அழுத்தி மூடியிருந்தது.

பயமாக இல்லையா என்றால், பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து, மத்தியானம் எப்போது வரும் என்று மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். நூல்கண்டைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தான். கத்தரியை அவனேதான் டப்பாவில் வைத்து மூடினான். இதில் பேயையும் பிசாசையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமை முப்பத்தாறு. கடைசி நாலு சுற்றின் டிசைன் எந்தத் தாளிலும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சுற்றும். அக்கா மடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கா போட்டது, ஆளுக்கா? இதுல ஒரு பெரிய பொம்பளையைப் பொதியலாமே" என்றாள். சொன்னவள் அதற்குப் பிறகு சால்வையைத் தொடவில்லை.

ஞாயிறு காலை, பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. டீச்சர் பிள்ளையைச் சால்வையோடு ஏந்திக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். சால்வை அவள் கையிலிருந்து வழிந்து முழங்கால் வரை தொங்கியது. பங்கிராஸ் ஒரு அடி தள்ளி நின்றான். வழக்கமாகத் தகப்பன் ஒட்டி நிற்பான்.

டீச்சர் குனிந்து பார்த்தாள். சால்வையின் ஓரத்தில், கடைசிக் கண்ணியில், ஒரு ஊக்கு மாட்டியிருந்தது. அங்கிருந்து ஒரு வெள்ளை நூல் கிளம்பிக் காற்றில் தொய்ந்து அவனுடைய பேண்டின் இடது பைக்குள் போயிற்று. பைக்குள் நூல்கண்டு உப்பிக்கொண்டிருந்தது.

"அறுக்கலியா?" என்றாள் உதட்டை அசைக்காமல்.

அவன் தலையைக் குனிந்தான்.

"அண்ணே. ஏன் அறுக்கல?"

"இரிங்க டீச்சர். இந்தச் சுத்து முடியட்டு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. டீச்சரின் முகம் வெளுத்தது. பிள்ளையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. தண்ணீர் நெற்றியிலிருந்து வழிந்து சால்வையில் விழுந்து, ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு ஊறிக்கொண்டே ஓரம் வரைக்கும் போயிற்று. பிள்ளை அழவில்லை. பங்கிராசின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தது.

யாரும் அசையவில்லை. டீச்சர் அசையவில்லை, சாமியார் அசையவில்லை, காற்றும் இல்லை. அவன் பைக்குள் நூல்கண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

வலது பையில் கத்தரிக்கோல் இருந்தது. காலையில் டப்பாவைத் திறந்து எடுத்துவந்தது அவன்தான். டீச்சர் அந்தப் பையைப் பார்த்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள்.

வலது கை பைக்குப் போகவில்லை. இடது கை போய், நூல் சிக்காமல் ஓட, கண்டைக் கொஞ்சம் இளக்கிவிட்டது.