கோமதிநாயகத்தின் நாலாவது ரீல்

கிருபை டீச்சரிடம் தூண்டில் போடக் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் கோமதிநாயகம். பொறுமையில் இளையவரும் அவர்தான்.

டீச்சர் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டே ஓய்வு பெற்றவர். இப்போது அணைக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு, குடையை அதில் கட்டி, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கழுத்தில் பழைய விசில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

கோமதிநாயகம் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். லூஸ் கனெக்‌ஷன்தான் உலகத்துத் துன்பங்களுக்கெல்லாம் காரணம் என்பது அவர் சர்வீஸில் கண்ட உண்மை. வீட்டில் ஊறுகாய் பாட்டிலை அவர் மூடினால், பிறகு அவரே வந்துதான் திறக்க வேண்டும்.

அன்று வியாழக்கிழமை. துண்டில் எதையோ பொதிந்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"என்ன சார், புள்ளைக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார் டீச்சர்.

கோமதிநாயகம் துண்டைப் பிரித்தார். உள்ளே தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல் ஒன்று கிடந்தது. கைப்பிடி தனியாக, மூடி தனியாக, உள்ளே இருந்த சக்கரம் பல் போய்க் கிடந்தது.

"மூணாவது ரீல், டீச்சர்."

"அதே கட்லா மீனா?"

"அதேதான். போகும்போது என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போச்சு."

டீச்சர் சிரிக்கவில்லை. அதற்கே நல்ல பயிற்சி வேண்டும்.

"உடையாத ரீல் எதுன்னு இன்னைக்கு நீங்க சொல்லியே ஆகணும். ஒருத்தன் முழு அலுமினியத்துல வாங்குங்கான். ஒருத்தன் உள்ள ஸ்டீல் சக்கரம் இருக்கான்னு பாருங்கான். பேரிங் அஞ்சு போதும்ங்கான் ஒருத்தன், பத்துக்குக் குறைஞ்சா தொடாதேங்கான் இன்னொருத்தன். வீடியோ பாத்துப் பாத்து கண்ணு எரியுது."

"அப்படி என்ன அவசரம்?"

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வாரார்."

டீச்சர் தூண்டிலைக் கீழே வைத்தார். விஷயம் ரீல் அல்ல என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோமதிநாயகத்தின் மகள் நித்திலாவுக்கும் தூத்துக்குடி அகிலனுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது. பிடிக்காமல் போனது இரண்டு அப்பாக்களுக்குத்தான். அகிலனின் அப்பா தர்மபெருமாள் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்தார். ஆனால் ஆள் எப்போதும் சூடு. மண்டபம் எந்த ஊரில் என்று போனில் தொடங்கிய பேச்சு, பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று போய், கடைசியில் மீனில் வந்து நின்றது. "உங்க ஊர் அணை மீனுல சேத்து வாசம்லா அடிக்கும்" என்றிருந்தார் தர்மபெருமாள். மண்டபத்தைக்கூட கோமதிநாயகம் பொறுத்துக்கொண்டிருப்பார். இதைப் பொறுக்க முடியவில்லை. பதிலுக்கு ஐஸில் வைத்த மீனைப் பற்றி அவரும் ஏதோ சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நேர்ல வாரேன். கல்யாணம் உண்டா இல்லையான்னு அன்னைக்கே முடிச்சிருவோம்" என்று போனை வைத்துவிட்டார் சம்பந்தி. அன்றிலிருந்து நித்திலா சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்த மனுசன் கண்ணு முன்னால அந்தக் கட்லாவத் தூக்கிக் காட்டணும், டீச்சர். அப்பத்தான் வாய மூடுவாரு."

"வாய மூடினா கல்யாணம் நடந்துருமா?"

"நடக்கும்" என்றார் கோமதிநாயகம். குரலில் அவ்வளவு வோல்ட்டேஜ் இல்லை.

டீச்சர் உடைந்த ரீலைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் முன்பக்கத் திருகைச் சுற்றிலும் கீறல்.

"இது என்ன சார், எலி கடிச்ச மாதிரி?"

"கட்டிங் பிளேயர். கையால இறுக்கினது போதல."

தூண்டில்காரர்களுக்கு அந்தத் திருகு எதற்கென்று தெரியும். அளவாகத் தளர்த்தி வைத்தால், மீன் பாயும்போது நரம்பு கிர்ரென்று அவிழ்ந்து கூடவே ஓடும். இறுக்கிவிட்டால் ஓடாது. மீனின் பலம் மொத்தமும் ரீலுக்குள் இருக்கும் பற்களில் வந்து இறங்கும். கோமதிநாயகத்துக்கும் இது தெரியும். ஆனால் ஒரு திருகு தளர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர் கை கேட்காது.

டீச்சர் எழுந்தார். தன் தூண்டிலின் நரம்பை இழுத்து, கோமதிநாயகத்தின் பெல்ட்டில் முடிச்சுப் போட்டார்.

"நீங்கதான் கட்லா. ஓடுங்க."

"டீச்சர், எனக்கு மூட்டு வலி..."

விசில் அடித்தது. கோமதிநாயகத்தின் கால்கள் அவரைக் கேட்காமலே கிளம்பிவிட்டன.

நாலு எட்டு வைப்பதற்குள் பெல்ட் பின்னால் இழுத்தது. டீச்சர் நரம்புச் சுருளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். கோமதிநாயகம் முன்னால் சாய்ந்தார். இழுத்தார். முகம் சிவந்தது.

"என்ன தோணுது?"

"கோவம் வருது."

"யாரு மேல?"

"பிடிச்சிருக்கவங்க மேலதான்! எங்க போகணும்னெல்லாம் இல்ல டீச்சர், அத்துக்கிட்டுப் போகணும். அவ்வளவுதான்."

"சரி, வாங்க. இன்னொரு தடவ."

இந்த முறை டீச்சர் கையை எடுத்துவிட்டு, திருகைத் தளர்த்தினார். விசில் அடித்தது. கோமதிநாயகம் முழு பலத்தோடு இழுக்கப் போய், இழுக்க ஒன்றும் இல்லாமல் தடுமாறினார். நரம்பு கிர்ரென்று பின்னாலேயே வந்தது. ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன. எதிரே பைக்கில் வந்த லைன்மேன் ஒருவர், அவரிடம் வேலை பார்த்தவர், பைக்கை நிறுத்திவிட்டார்.

"சார், என்ன சார் இது?"

"இழுவிசை ஆய்வு" என்று சொல்லிக்கொண்டே அவரைக் கடந்து ஓடினார் கோமதிநாயகம்.

மதகு வரை ஓடி, முட்டில் கையை ஊன்றி நின்றார். டீச்சர் அங்கிருந்து கைப்பிடியை மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். கோமதிநாயகம் தானாகவே திரும்பி நடந்து வந்தார்.

"இப்ப என்ன தோணுது?"

"உங்க பக்கத்துல உக்காந்து ஒரு டம்ளர் மோர் குடிக்கணும் போல இருக்கு."

டீச்சர் ஃபிளாஸ்க்கிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். கோமதிநாயகம் குடித்தார். டீச்சரின் ரீலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது.

"அது என்ன கம்பெனி, டீச்சர்?"

டீச்சர் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோமதிநாயகம் நடுத்தரமான ரீல் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். திருகை டீச்சரே அளவு பார்த்து வைத்துக் கொடுத்தார். கட்டிங் பிளேயரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததில் சட்டை போடாமல் வந்ததுபோல இருந்தது அவருக்கு.

தர்மபெருமாள் நேராகக் கரைக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மண்டபம் தூத்துக்குடியிலதான். அதுல பேச்சே இல்ல" என்றார்.

கோமதிநாயகம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தூண்டில் வில்லாக வளைந்தது. பிண்ணாக்கு உருண்டையைக் கட்லா கவ்விவிட்டது.

கிர்ர்ர். நரம்பு ஓடியது. கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடவிட்டார்.

"சுத்துங்க சம்பந்தி! போகுது, போகுது!"

"போகட்டும். களைச்சுட்டு வரும்."

"நல்லா பிடிச்சீங்க மீனு! வழியனுப்பி வைக்கீங்களா? இங்க குடுங்க!"

தர்மபெருமாள் தூண்டிலைப் பிடுங்கினார். திருகை ஒரே முறுக்காக முறுக்கினார். உடம்பெல்லாம் சேர்த்துச் சுற்றினார். 'டக்'கென்றது. நரம்பு அறுந்து காற்றில் சுருண்டது. தூரத்தில் கட்லா ஒரு தடவை புரண்டு, வயிற்றைக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

தர்மபெருமாளின் கையில் கைப்பிடி மட்டும் இருந்தது.

அவர் முகம் கறுத்தது. மன்னிப்புக் கேட்டுப் பழகாத முகம். கார் நிற்கும் பக்கம் ஒரு முறை பார்த்தார். இப்போது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாராவது சொன்னால் போதும், நேராகக் காரில் ஏறிவிடுவார். அதோடு கல்யாணமும் ஏறிப் போய்விடும்.

கோமதிநாயகத்துக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒன்றல்ல, ஒன்பது. சொன்னால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்றும் தெரிந்தது. நித்திலா தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே எழுந்து போன காட்சியும் கூடவே வந்தது.

"மட்டமான ரீலு, சம்பந்தி" என்றார். "நான் பாத்து வாங்கியிருக்கணும்."

தர்மபெருமாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குத்தலா என்று தேடினார்.

"உங்களுக்குக் கோவம் வரலையா?"

"வருது. மோர் குடிக்கீங்களா?" என்று கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைத் திறந்தார் கோமதிநாயகம்.

தர்மபெருமாள் டம்ளரைக் கையில் வாங்கினார். பிறகு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியைப் பற்றிக்கூட யோசிக்கவில்லை. மோரைக் குடித்தார். இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தார்.

"என்னா இழுவ இழுத்தது! எங்க கடல்லயே இப்படிப் பாத்ததில்ல."

"அப்படியா."

சம்பந்தி காலி டம்ளரை நீட்ட, கோமதிநாயகம் வாங்கிக்கொண்டார்.

"மண்டபம் தூத்துக்குடியிலதான் பிடிக்கணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல" என்றார் தர்மபெருமாள்.

பழைய கோமதிநாயகமாக இருந்தால் அந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்திருப்பார். விரல்கள் துடிக்கத்தான் செய்தன. டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா யோசிப்போம், சம்பந்தி."

"யோசிக்க என்ன இருக்கு? இங்கயே வச்சிருவோம். ஆனா பந்திக்கு மீனு எங்க ஊர்லருந்துதான் வரும். அத மட்டும் விடமாட்டேன்."

"கல்யாணப் பந்தியில மீனா?"

"சரி, மறுநாள் விருந்துக்கு."

வெயில் சாய்ந்த பிறகு கோமதிநாயகம் டீச்சரைத் தேடி வந்தார். காலையிலிருந்து நாற்காலியை விட்டு அசையாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் டீச்சர். ஆனாலும் சொல்லாமல் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மீனு போச்சு, டீச்சர்."

"பாத்தேன்."

"நாலாவது ரீலும் போச்சு."

"ம்."

"வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். நித்திலா மூணு தடவ சோறு வாங்கினா." கோமதிநாயகம் புல்லில் உட்கார்ந்தார். "சம்பந்தி அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாராராம்."

டீச்சர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரு எத்தன கிலோ இருப்பாரு, சார்?"

"சம்பந்தியா? தொண்ணூறு தாண்டும்."

"இந்த அணையில அவ்வளவு பெருச இதுவரைக்கும் யாரும் கரையேத்தினதில்ல" என்றார் டீச்சர்.